தொண்டையில் நிற்பதை வரைவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் உருவப்படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஸ்டுடியோ படங்கள்தான்: நேராகப் பார்க்கும் கண், படிய வாரிய தலை, பின்னால் ஒரு நீலத் திரை. அந்த மனிதர் எதையெல்லாம் வெளியே சொல்லாமல் காலம் தள்ளினார் என்பது அந்தப் படங்களில் இருக்காது. அதை வரைந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிடிக்காததை வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டு நாளைக் கடத்தும் ஒருவரை, ஒரே ஒரு குறியீட்டின் துணையோடு உருவப்படமாக்குவது எப்படி? பென்சில் பிடிக்கத் தெரிந்திருந்தால் போதும். ஓவியப் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

புதிதாக வரைகிறவர்கள் துன்பம் என்றதும் நேரே கண்ணுக்குப் போகிறார்கள். கண்ணீர், நெரிந்த புருவம், கன்னத்தில் கை. அது அழுகிறவரின் படம். பொறுத்துக்கொள்கிறவர் எங்கே இருக்கிறார் என்றால், உதட்டில், தாடையில், தொண்டையில், கையில் இருக்கிறார். இந்த நான்கையும் பிடித்துவிட்டால் கண்ணைச் சும்மா விட்டுவிடலாம். கீழே சொல்லப்போவது முக்கால்வாசி இந்த நான்கைப் பற்றித்தான்.

1. முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்

ஒரு நோட்டும் பென்சிலுமாக ஒரு காலைப் பொழுதில் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போங்கள். இந்த வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களை அங்கே வைத்திருக்கிறார்கள். கவர்ந்து செல்லப்பட்ட மாடுகளை மீட்கப் போய் மடிந்தவர்களுக்கு நட்ட கற்கள் இப்பகுதியில் நிறைய. வீரன் வில்லோ வாளோ ஏந்தி நிற்பான். சில கற்களில் அவன் உடம்பில் அம்புகள் தைத்திருக்கும். முகத்தில் வலியைக் காட்டச் சிற்பி மெனக்கெடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அம்பைக் காட்டிவிட்டார், அதோடு விட்டுவிட்டார். ஊன்றிய காலும் ஓங்கிய கையும் அப்படியே இருக்கின்றன. வலி தரும் பொருள் ஒரு பக்கம், அதற்கு அசைந்து கொடுக்காத உடம்பு இன்னொரு பக்கம். குறியீட்டு உருவப்படத்தின் இலக்கணம் முழுவதும் அந்தக் கல்லில் இருக்கிறது. கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து அம்பை மட்டும் வரையுங்கள், பிறகு தோளை மட்டும் வரையுங்கள். முழு உருவத்துக்கும் அவசரப்பட வேண்டாம்.

இரண்டாவது முன்மாதிரிக்கு அலைய வேண்டியதில்லை, சிவன் படம் போட்ட ஏதாவது ஒரு காலண்டர் போதும். பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகால நஞ்சைச் சிவன் உண்டார், பார்வதி கழுத்தைப் பிடித்தாள், நஞ்சு அங்கேயே நின்று கழுத்து நீலமானது என்பது கதை. நஞ்சு வயிற்றுக்கும் இறங்கவில்லை, வெளியேயும் வரவில்லை. நாம் வரையப் போவது அந்த நடுவழியைத்தான். நம் ஊருக்கு இதில் ஒரு தனி உரிமையும் உண்டு. சாவை விலக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் தனக்குக் கொடுத்த அதியமானை, நீலமணி மிடற்று ஒருவனைப் போல நிலைத்திரு என்று ஔவையார் வாழ்த்துகிறார். புறநானூற்றின் 91-ஆம் பாட்டு அது. அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஆகவே உங்கள் படத்தில் கழுத்தில் ஒரு நீலத் தீற்றல் விழுந்தால், பார்க்க வருகிற உள்ளூர்க்காரருக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டி இராது.

மூன்றாவது, தூர தேசத்துப் படங்கள் இரண்டு. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1940-இல் தன்னையே வரைந்த ஒரு படத்தில், கழுத்தைச் சுற்றி முட்கொடி மாலை கிடக்கிறது. முள் குத்திய இடங்களில் இரத்தம் துளிர்த்திருக்கிறது. மாலையில் உயிரற்ற ரீங்காரச் சிட்டு (ஹம்மிங்பேர்ட்) ஒன்று தொங்குகிறது. முகம் மட்டும் எதுவும் நடக்காததுபோல் நேராகப் பார்க்கிறது. அதே ஓவியர் 1944-இல் வரைந்த இன்னொரு தன்னுருவப் படத்தில் முதுகெலும்புக்குப் பதிலாக உடைந்த தூண், உடம்பெல்லாம் ஆணிகள், கன்னத்தில் கண்ணீர். இரண்டும் பெரிய படங்கள்தான். ஆனால் நம் வேலைக்கு முதல் படமே பாடம். செல்போன் திரையில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கண்ணீர் வந்தவுடன் நம் பார்வை கழுத்தை விட்டு எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும்.

2. நஞ்சுப் பாத்திரம் யார் கையில்?

பென்சில் எடுப்பதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது இது ஒன்றுதான். இதைத் தள்ளிப்போட்டால் பிறகு எவ்வளவு திறமை காட்டினாலும் படம் உருப்படாது.

நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் கண்ட பிறகும், பழகியவர் என்பதற்காக அதைக் குடித்துவிட்டு அமைதியாக இருப்பவரைக் குறள் 580 பாராட்டுகிறது. சிவனும் தெரிந்தே எடுத்துக் குடித்தவர். இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு இருந்தது. நீங்கள் வரையப் போகும் ஆளுக்கு அந்த வாய்ப்பு இருந்ததா? இல்லாதவரை நீலகண்டனாக வரைந்துவிட்டால், அவருக்கு நடந்த அநியாயத்துக்கு நீங்கள் மாலை போட்டதாக ஆகிவிடும். பொறுமைசாலி என்ற பட்டம் கொடுத்தே பலரை வாயடைத்திருக்கிறோம். ஓவியமும் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

நடைமுறையில் இதை எப்படிக் காட்டுவது? கையால்தான். தெரிந்து ஏற்றவர் என்றால் பாத்திரம் அவர் கையிலேயே இருக்கட்டும், விரல்கள் அதை முழுமையாகச் சுற்றியிருக்கட்டும். தெரியாமல் ஏற்றவர் என்றால் பாத்திரத்தை மிகச் சாதாரணமாக, அன்றாடம் பிடிக்கும் விதத்தில் பிடித்திருக்கட்டும். நச்சு என்பது பார்ப்பவருக்கு மட்டும் தெரிய வேண்டும். வேறு வழியின்றி ஏற்றவர் என்றால் அவர் கை பாத்திரத்தில் படவே கூடாது. பொருள் உதட்டருகே இருக்கும், கை மடியில் கிடக்கும். இந்த மூன்றில் எது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஓவியப் பலகையில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

3. யாரை வரைவது

நம் மாவட்டங்களில் ஆள் தேட வேண்டிய நிலையே இல்லை. இருட்டோடு கிளம்பி ஓசூர்த் தொழிற்சாலை ஷிப்டுக்கு ஓடும் இளைஞர், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ப் பண்டிகைக்கு மட்டும் ஊர் திரும்பும் மேஸ்திரி, மாம்பழப் பருவத்தில் கூழ்த் தொழிற்சாலையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், கல் குவாரியில் தூசியை விழுங்கியவர். ஒவ்வொருவரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால், முதல் படத்துக்கு இந்த மண்ணிலேயே ஊறிப்போன ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். அது தண்ணீர்.

இந்தப் பகுதியின் கடினப் பாறைகளில் ஃப்ளூரைடு கலந்த தாதுக்கள் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரில் அது கரைந்து வரும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு இருக்கக் கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய நீரைக் குடித்து வளர்ந்த ஊர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பல. பல்லின் மேற்பூச்சு உருவாகும் சிறு வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால், முளைக்கும் பல்லே வெள்ளைத் திட்டுகளோடும் பழுப்புக் கோடுகளோடும் முளைக்கும். எந்தப் பற்பொடியாலும் அதைத் தேய்த்துப் போக்க முடியாது. நீண்ட காலம் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகும். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட பிறகு காவிரி நீர் பல ஊர்களுக்கு வந்தது. அதற்கு முன்பே முளைத்துவிட்ட பற்களுக்கு அது உதவாது.

பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஆயாவை வரையக் கேட்டபோது, "இந்தப் பல்லை வைத்துக்கொண்டு எனக்கு என்ன படம் கண்ணு?" என்றார். பேச்சில் அவருக்கு இணை கிடையாது, ஊர்க் கதை அத்தனையும் தெரியும். ஆனால் சிரிப்பு வரும்போது வலது கை தானாக எழுந்து முந்தானை நுனியை வாய்க்கு முன்னால் கொண்டுவந்துவிடும். சிரிப்பு முழுவதும் துணிக்குப் பின்னால்தான் நடக்கும். கண் இடுங்கும், தோள் குலுங்கும், வாய் மட்டும் யாருக்கும் தெரியாது. முந்தானையின் அந்த ஒரு முனை மட்டும் மற்ற இடத்தைவிட நைந்து, சாயம் போயிருந்தது. படத்துக்கு வேண்டியது முழுவதும் அந்த நைந்த முனையில் இருந்தது. பல்லை வரைய வேண்டிய தேவையே எழவில்லை.

சம்மதம் கேட்பதை ஒரு சடங்காக முடித்துவிடாதீர்கள். எதை வரையப் போகிறீர்கள், எதைக் காட்டப் போகிறீர்கள், படம் எங்கே தொங்கும் என்று சொல்லுங்கள். பெரியவர் என்றால் வீட்டில் மற்றவர்களும் இருக்கும்போது சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். வாய் திறந்து மறுக்கத் தெரியாதவர்களைப் பற்றித்தான் நாம் வரைகிறோம் என்பதால், அவர்கள் சொல்லும் "சரி"யை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொள்வது நம் பொறுப்பு.

உட்கார ஆள் கிடைக்கவில்லையா? கண்ணாடி இருக்கிறது. உங்களையே வரையுங்கள்.

4. குறியீடு ஒன்றே ஒன்று

இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டினர் பிடிக்காததைப் பொறுத்துக்கொள்வதைத் தேரையை விழுங்குவது என்பார்கள். அங்கே ஓர் ஓவியர் வாயருகே தேரையை வரைந்தால் சிறுபிள்ளைக்கும் புரியும். அதைப் பார்த்து நாமும் தேரை வரைந்தால் என்ன ஆகும்? நம் ஊர்ப் பாட்டி, பிள்ளைக்குத் தேரை தோஷம் என்பார். தாத்தா, கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளக்கிறவன் இருக்கிறான் என்பார். ஒருவர் நோயைப் பார்க்கிறார், இன்னொருவர் கடவுள் கருணையைப் பார்க்கிறார், நீங்கள் சொல்ல வந்தது இரண்டுக்கும் நடுவில் காணாமல் போய்விடும். குறியீட்டை இறக்குமதி செய்யாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

குறியீடு வரையப்படுபவரின் வீட்டிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆயாவுக்கு முந்தானை முனை, இல்லையென்றால் தண்ணீர்ச் சொம்பு. ஓசூர் இளைஞருக்குக் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பட்டை. தினமும் தானே எடுத்து மாட்டிக்கொள்கிற அந்தப் பட்டை பல நிறுவனங்களில் நீல நிறம்தான். சரியாகக் குரல்வளைக்குக் கீழே வந்து உட்காருகிறது. இதைவிட வசதியான நீலகண்டம் வேறு கிடைக்காது. குவாரித் தொழிலாளிக்கு மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிய துண்டில் படிந்த சாம்பல் நிறத் தூசி போதும். மருமகளாக வந்து முப்பது வருடம் அடுப்படியில் நின்றவருக்கு எது என்று அவரிடமே கேளுங்கள். நீங்கள் நினைத்ததை அவர் சொல்லமாட்டார்.

வாயில் பூட்டு, உதட்டில் தையல், கழுத்தில் சங்கிலி, கூண்டுப் பறவை, உருகும் மெழுகுவத்தி ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போன பொருள்கள் அவை. இரண்டு குறியீடு வைக்கலாமா என்றும் கேட்பார்கள். கூடாது. இரண்டாவது வந்தவுடன் முதலாவது அலங்காரமாகிவிடும்.

5. பொருள்கள்

2பி, 4பி, 6பி பென்சில்கள், பிசைந்து உருட்டும் வகை அழிப்பான். 16 × 20 அங்குலக் கேன்வாஸ். அது கிடைக்காவிட்டால் மரக்கடையில் அதே அளவுக்கு ஹார்டுபோர்டு வெட்டி வாங்கி, வெள்ளை ப்ரைமர் இரண்டு கை பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம். அக்ரிலிக் வண்ணத்தில் ஐந்து குழாய் போதும்: டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின் நீலம். கறுப்பு வாங்க வேண்டாம், காரணம் பிறகு வருகிறது. தட்டை பிரஷ் இரண்டு, நுனி கூர்ந்த உருண்டை பிரஷ் ஒன்று.

நம் ஊர்க் கோடையில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும். தட்டில் ஈரத்துணியை மடித்து விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதில் வண்ணத்தைப் பிதுக்குங்கள். நெடுநேரம் தாங்கும்.

பின்னணிக்குக் கடை வண்ணம் வேண்டாம் என்பவர்களுக்கு நிலத்துச் செம்மண்ணே இருக்கிறது. சலித்து, தண்ணீரில் கரைத்து, கரடு அடியில் தங்கியதும் மேலே கலங்கி நிற்கும் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்துத் தெளியவிடுங்கள். அதன் அடியில் படிவது மாவு மாதிரி இருக்கும். காயவைத்து அக்ரிலிக் மீடியத்தில் (அக்ரிலிக் வண்ணத்தோடு கலக்கும் நிறமற்ற பசை) குழைத்துப் பூசலாம். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு தருவது. வெயிலுக்கு வெளுக்காது.

6. உட்கார வைத்தல்

ஒரே ஒரு சன்னல், பக்கவாட்டு வெளிச்சம். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், நேர் வெளிச்சத்தில் தாடையும் தொண்டையும் தட்டையாகிவிடும். சன்னல் இல்லையென்றால் தாழ்வாரத்தில் சுவரோரமாக உட்காரச் சொல்லுங்கள். நாற்காலியில் பழக்கம் இல்லாதவரை நாற்காலியில் ஏற்ற வேண்டாம், உடம்பு விறைத்துவிடும்.

"சோகமாக முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விளக்கெண்ணெய் குடித்த முகம்தான் கிடைக்கும். பேச்சுக் கொடுங்கள். மழை, பிள்ளைகள், புளி விலை என்று பேச்சு போகட்டும். பேசிக்கொண்டே வரும்போது ஏதோ ஓர் இடத்தில் சொல்ல வந்ததை மென்று விழுங்குவார். வாய் மூடும், தாடை ஒரு கணம் இறுகும், பிறகு வேறு பேச்சு. அந்தக் கணம்தான் உங்கள் படம். முதல் முறை வரைய முடியாது, பார்க்க மட்டும் செய்யுங்கள். எதைப் பற்றிய பேச்சில் அது வந்தது என்று தோண்டவும் வேண்டாம். அவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதிலிருந்து அளவுகளை மட்டும் எடுங்கள். முகபாவத்தை அந்தக் கணத்தின் நினைவிலிருந்து போடுங்கள்.

7. கோடு

அளவுகள் சுருக்கமாக: தலையின் உச்சிக்கும் முகவாய்க்கும் சரிபாதியில் கண்கள் வரும். புதியவர்கள் எப்போதும் மேலே ஏற்றிவிடுவார்கள். நேராகப் பார்க்கும் முகத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண்களின் அகலம். மூக்கின் அடிக்கும் முகவாய்க்கும் இடைப்பட்ட தூரத்தில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வாய்க்கோடு. காது, புருவத்துக்கும் மூக்கடிக்கும் நடுவில். இது போதும். இனி மெதுவாகப் போக வேண்டிய இடத்துக்கு வருகிறோம்.

உதடு. வாய்க்கோடியைக் கீழே வளைக்காதீர்கள், அது வருத்தம். அடக்கும்போது உதடுகள் ஒன்றையொன்று அழுத்துவதால் சிவந்த பகுதி மெலிகிறது, கோடிகள் உள்ளே இழுபட்டு ஓரத்தில் சிறு குழி விழுகிறது. வாய்க்கோட்டை ஒரே கனத்தில் இழுக்காமல், நடுவில் மெலிந்து கோடிகளில் கருக்கும்படி போடுங்கள். கீழுதட்டுக்கு அடியில், முகவாய்த் தோலில் ஆரஞ்சுத் தோல்போலச் சிறு பள்ளங்கள் தெரியும். அவற்றை 2பி பென்சிலால் தொட்டும் தொடாமலும் வைத்தால் போதும்.

தாடை. காது மடலுக்குக் கீழே, தாடை திரும்பும் மூலைக்குச் சற்று முன்னால் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள், ஒரு தசை புடைக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அது நெடுக்காக ஒரு மென்மையான நிழலாகத் தெரியும். அந்த நிழல் மிகையானால் கோபக்காரர் ஆகிவிடுவார். ஒருமுறை போட்டு, அழிப்பானால் பாதியை எடுத்துவிடுங்கள்.

தொண்டை. விழுங்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நம் ஊரைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. ராகிக் களி சாப்பிடுகிறவருக்கு எதிரே உட்காருங்கள். களியை மெல்ல மாட்டார்கள். விரலால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவார்கள். ஒவ்வொரு கவளத்துக்கும் முகவாய் இம்மியளவு உள்வாங்கும், குரல்வளை மேலேறும், மூச்சு ஒரு கணம் நிற்கும், பிறகு எல்லாம் இறங்கும். வேகமான கிறுக்கல்களாக ஒரு பக்கம் நிறைய வரையுங்கள். நமக்கு வேண்டியது குரல்வளை ஏறி இன்னும் இறங்காத நிலை. பெண்களுக்குக் குரல்வளை மேடு அவ்வளவாகத் தெரியாது. அவர்களுக்குக் காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் இரண்டு தசைகளையும், அவை சேரும் இடத்தில் உள்ள கழுத்துக் குழியையும் காட்டுங்கள். மூச்சைப் பிடித்திருக்கும்போது அந்தக் குழி ஆழமாகும்.

கை. உருவப்படம் என்றால் முகம் மட்டும் என்று நினைப்பவர்கள் கையை வெட்டிவிடுகிறார்கள். இந்த வகைப் படத்தில் கை கட்டாயம். இரண்டாம் பகுதியில் எடுத்த முடிவு இங்கேதான் நிறைவேறுகிறது. முறுக்கிய முஷ்டி வேண்டாம். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்திருப்பது, ஒரு விரல் நகம் இன்னொன்றை அழுத்துவது, துணி நுனியை விரலில் ஒரு சுற்று சுற்றியிருப்பது, இந்த அளவே போதுமானது.

கண். திறந்திருக்கட்டும், பார்ப்பவரைப் பார்க்காமல் அவருக்குச் சற்றுத் தள்ளி எதையோ பார்க்கட்டும். நேராகப் பார்த்தால் இரக்கம் கேட்பதுபோல் ஆகிவிடும். விழியில் ஒரு சிறு ஒளிப்புள்ளி வைக்கலாம். கீழிமை விளிம்பில் மட்டும் வெள்ளை தொடாதீர்கள், அது உடனே கண்ணீராகிவிடும்.

8. நிறம்

ஸ்டுடியோக்காரர்கள் முகத்தை வெளுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். வீட்டாரும் "கொஞ்சம் கலராகப் போடுங்கள்" என்பார்கள். மரியாதையாகச் சிரித்துவிட்டு, கண்ணில் பட்ட நிறத்தையே போடுங்கள். கறுத்த தோலுக்குப் பர்ன்ட் அம்பரும் பர்ன்ட் சியன்னாவும் அடிப்படை. நிழலில் அல்ட்ராமரின் சேருங்கள், வெளிச்சத்தில் மஞ்சள் காவியும் ஒரு துளி வெள்ளையும். வெள்ளையை மட்டும் சேர்த்தால் தோல் சாம்பல் பூத்துவிடும், கறுப்பைச் சேர்த்தால் கரி பூசியதுபோல் செத்துவிடும். அம்பரும் அல்ட்ராமரினும் கலந்தாலே ஏறக்குறையக் கறுப்பு கிடைக்கும், அதில் உயிரும் இருக்கும். நெற்றியிலும் கன்ன மேட்டிலும் விழும் வானத்து வெளிச்சத்தில் லேசான நீலம் இருப்பதைப் பார்க்கலாம். அதை அங்கே வைத்துவிட்டால், கழுத்தில் வரப்போகும் நீலம் தனியாக ஒட்டவைத்ததுபோல் தெரியாது.

கழுத்து நீலம் எல்லாப் படத்துக்கும் தேவையில்லை. குறியீடு சொம்பு என்றால் நீலம் வேண்டாம். நீலத்தையே குறியீடாக எடுத்தவர்கள், தோல் வண்ணம் முழுவதும் காய்ந்த பிறகு அல்ட்ராமரினை நிறைய மீடியத்தில் கரைத்துக் கண்ணாடிபோல மெல்லிசாக ஒரு பூச்சு கொடுங்கள். காய்ந்ததும் இன்னொன்று. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நிழலா நிறமா என்ற சந்தேகம் வர வேண்டும். சந்தேகமே இல்லாமல் நீலமாகத் தெரிந்தால் புராணப் படம் ஆகிவிட்டது. ஈரத்துணியால் உடனே துடைத்தால் மேல் பூச்சு மட்டும் போய்விடும்.

பின்னணியில் வீடு, மலை, அருவி எதுவும் வேண்டாம். ஒகேனக்கல்லைப் பின்னால் வரைய நிறையப் பேருக்குக் கை துறுதுறுக்கும். தண்ணீரைப் பற்றிய படத்தில் அருவியை வரைந்தால் சுற்றுலா அட்டைதான் மிஞ்சும்.

9. சோதனை

படத்தைச் சுவரில் சாய்த்து, குறியீட்டை உள்ளங்கையால் மறையுங்கள். மீதி இருக்கும் முகத்திலும் கழுத்திலும் ஏதோ அடக்கப்பட்டிருப்பது தெரிகிறதா? தெரியாவிட்டால் ஏழாம் பகுதிக்குத் திரும்புங்கள், குறியீட்டின் மேல் பாரத்தைப் போட்டிருக்கிறீர்கள். அடுத்து முகத்தை மறையுங்கள். குறியீடு தனியாகவே கதை முழுவதையும் சொல்லிவிடுகிறது என்றால் அதைச் சற்று மங்கலாக்குங்கள். தனியாகப் பார்க்கும்போது அது வெறும் சொம்பாகவும் வெறும் பட்டையாகவும்தான் இருக்க வேண்டும்.

10. யாருக்கு முதலில் காட்டுவது

வரையப்பட்டவருக்கு. வாட்ஸ்ஆப்பில் போடுவதற்கு முன், நண்பர்களுக்குக் காட்டுவதற்கு முன், அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைக்க வேண்டும். பிடிக்கவில்லை, இந்த இடம் வேண்டாம் என்றால் விவாதிக்காமல் மாற்றுங்கள். அக்ரிலிக்கின் மேல் அக்ரிலிக் பூசலாம், அதில் ஒரு சிரமமும் இல்லை. மனிதர் ஒருவர் வாய் திறந்து வேண்டாம் என்கிறார், அதைக் கேட்டுக்கொள்வதைவிடப் படம் பெரிதல்ல.

பெயர் வைப்பதில் அடக்கம் வேண்டும். பொறுமை, தியாகம், தாய்மை, மௌன மொழி போன்றவை வேண்டாம். "சொம்பு", "இரண்டாம் ஷிப்டு", "முந்தானை" என்று பொருளின் பெயரையோ நேரத்தின் பெயரையோ வையுங்கள்.

மேற்பூச்சு வார்னிஷுக்கு இரண்டு வாரமாவது காயவிடுங்கள். படத்தின் பின்பக்கம் அழியாத மையால் மாதம், வருடம், பயன்படுத்திய வண்ணங்கள், ஊர் ஆகியவற்றை எழுதுங்கள். வரையப்பட்டவரின் பெயரை அவர் எழுதச் சொன்னால் மட்டும் எழுதுங்கள். படத்தை நீங்களே வைத்துக்கொள்வதானால், நல்ல பிரிண்ட் ஒன்று எடுத்துச் சட்டம் போட்டு அவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.